குதிரைத்திறனின் விலை

கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை விடியற்காலையிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். ஷா ஆலம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா எனக் கடக்கக் கடக்க வாகனங்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். தொழிற்சாலைக்குச் செல்பவர், அலுவலகத்திற்கு விரைபவர், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் பெற்றோர், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகள் என எல்லாரும் அந்த வரிசையில் இருப்பர். இரயில் வசதி இருந்தபோதிலும், வீட்டுக்கு ஒரு மகிழுந்தாவது இல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்றாட வாழ்க்கையை நடத்துவது பலருக்குக் கடினமே.

இவ்வாறு நாள்தோறும் உழைக்கும் மகிழுந்தையே இன்னும் விரைந்து ஓடும்படி மாற்றியமைக்க விரும்பும் இளையோர் பலர் உள்ளனர். "இவ்வளவு பணம் கொடுத்தால் இத்தனை குதிரைத்திறன் கூடும்" என்று பட்டறையில் ஒரு விலை சொல்லப்படும். அந்த விலைதான் முழுச் செலவா? அதற்குப் பின்னால் வரும் செலவுகள் யாவை? அவற்றை யார் சுமக்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை காண, மகிழுந்தின் இயக்கத்தையும் நாட்டின் சட்டத்தையும் குடும்பத்தின் வரவு செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு மகிழுந்தும் இளையோர் ஆர்வமும்

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்து நிறுவனமான புரோட்டோன் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் மகிழுந்தான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. 1993இல் பெரோடுவா நிறுவனம் உருவானது. அது 1994இல் கஞ்சிலையும் 2005இல் மைவியையும் அறிமுகப்படுத்தியது. நடுத்தரக் குடும்பங்களும் சொந்தமாக மகிழுந்து வாங்கும் நிலை இவற்றால் பரவலாயிற்று.

இம்மகிழுந்துகளுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை குறைந்த விலையையும் எரிபொருள் சிக்கனத்தையும் கருதி வடிவமைக்கப்பட்டவை. கஞ்சிலின் தொடக்கக்கால இயந்திரம் 660 சிசி கொள்ளளவு உடையது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 30 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால், கஞ்சிலுக்கு மூலமான ஜப்பானிய டைஹட்சு மீரா மகிழுந்து, டர்போ பொருத்திய இயந்திரத்துடனும் விற்கப்பட்டது. கொள்ளளவு ஏறத்தாழ அதேதான்; ஆற்றலோ 64 குதிரைத்திறன். அதைப் போலவே, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் வீராவின் 1.3 லிட்டர் வகை ஏறத்தாழ 75 குதிரைத்திறன் கொண்டது. லான்சரின் 1.8 லிட்டர் டர்போ இயந்திரமோ 200 குதிரைத்திறனை ஒட்டியது.

உடல் ஒன்று, உயிர் வேறு என்பது போல், உள்நாட்டு மகிழுந்துக்குள் ஜப்பானிய இயந்திரத்தைப் பொருத்தும் வழக்கம் இதனால்தான் பரவியது. ஜப்பானில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட மகிழுந்தின் முன்பாதியை வெட்டி, இயந்திரத்தோடும் கியர்ப்பெட்டியோடும் இங்கு இறக்குமதி செய்வர். அதற்கு 'ஹாஃப்கட்' என்று பெயர். கிள்ளான் வட்டாரத்தில் இவற்றை விற்கும் கடைகள் பல உள்ளன. ஆகவே, கூடுதல் ஆற்றல் என்பது இங்கு எட்டாக் கனி அன்று. அதனாலேயே அதன் விலையை எண்ணிப் பார்ப்பது இன்னும் முக்கியமாகிறது.

இயந்திரம் ஆற்றலைப் பெறும் விதம்

பெட்ரோல் இயந்திரம் காற்றையும் எரிபொருளையும் கலந்து எரிக்கிறது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று தேவை. எனவே, ஆற்றலைக் கூட்ட வேண்டுமானால் வெறுமனே பெட்ரோலை அதிகமாக ஊற்றிப் பயனில்லை. கூடுதல் காற்றையும் உள்ளே செலுத்த வேண்டும். ஆற்றலைக் கூட்டும் வழிகள் எல்லாம் இந்த ஒரே கருத்தைச் சுற்றியே அமைகின்றன.

முதல் வழி, காற்று உள்ளே வரும் பாதையையும் புகை வெளியேறும் பாதையையும் அகலப்படுத்துவது. காற்று வடிகட்டியையும் புகைக்குழாயையும் மாற்றுவது இவ்வகையைச் சேரும். இதில் செலவு குறைவு. கிடைக்கும் ஆற்றலும் குறைவு. பல வேளைகளில் ஆற்றலைவிட ஓசையே அதிகமாகக் கூடுகிறது.

இரண்டாவது வழி, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின் கட்டளைகளை மாற்றியமைப்பது. எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி எழ வேண்டும் என்பவற்றை அக்கணினியே முடிவு செய்கிறது. தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தப்பட்ட மகிழுந்தில் இம்மாற்றம் கணிசமான பலன் தரும். டர்போ இல்லாத சாதாரண இயந்திரத்தில் பலன் சிறிதளவே.

மூன்றாவது வழி, டர்போவைப் பொருத்துவது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூசி 1905ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமையைப் பெற்றார். வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரத்தோடு இணைந்த மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி இயந்திரத்திற்குள் தள்ளும். வீணாகும் புகையையே வேலை வாங்கும் அருமையான கண்டுபிடிப்பு இது.

நான்காவது வழி, முன்னர்க் கூறியது போல் இயந்திரத்தையே மாற்றிவிடுவது. இதில்தான் ஆற்றல் மிகுதியாகக் கூடும். செலவும் பொறுப்பும் அவ்வாறே கூடும்.

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று

மகிழுந்து என்பது தனித்தனிப் பொருள்களின் குவியல் அன்று. அதன் உறுப்புகள் ஒன்றுக்கொன்று அளவாகப் பொருத்தப்பட்டவை. இயந்திரத்தின் ஆற்றல் கிளட்ச், கியர்ப்பெட்டி, சுழல்தண்டு ஆகியவற்றைக் கடந்தே சக்கரத்தை அடைகிறது. இயந்திரத்தின் வலிமையை மட்டும் இரு மடங்காக்கினால், பழைய வலிமைக்கு ஏற்பச் செய்யப்பட்ட மற்ற உறுப்புகள் அச்சுமையைத் தாங்கா. கிளட்ச் நழுவும், கியர்ப்பல் உடையும், தண்டு முறுக்கேறும். மிகவும் மென்மையான மயிலிறகே ஆனாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அக்கால மாட்டுவண்டிக்குச் சொன்ன உண்மை இக்கால மகிழுந்துக்கும் பொருந்துகிறது.

அடுத்தது வெப்பம். கூடுதல் எரிபொருள் எரிந்தால் கூடுதல் வெப்பம் பிறக்கும். டர்போ அழுத்தும் காற்றும் சூடேறும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் உயிர்வளியும் குறைவு. அதனால்தான் டர்போவோடு காற்றைக் குளிர்விக்கும் கருவி ஒன்றையும் பொருத்துகின்றனர். அக்கருவி குளிர வேண்டுமானால் அதன்மீது காற்று வீச வேண்டும். பகலில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் நம் நாட்டு வெயிலில், நகராத போக்குவரத்து நெரிசலில் நிற்கும் மகிழுந்துக்கு அந்தக் காற்று கிடைப்பதில்லை. வெப்பம் மிகுந்தால், தீப்பொறி எழுந்து சீராக எரிய வேண்டிய கலவை, தன் போக்கில் ஆங்காங்கே வெடித்தெரியும். 'நாக்கிங்' எனப்படும் இந்த அதிர்ச்சி தொடர்ந்தால் பிஸ்டனே உடைந்துபோகும். இதைத் தவிர்க்கவே டர்போ இயந்திரங்கள் பலவற்றுக்கு ரோன் 97 போன்ற உயர்தரப் பெட்ரோல் தேவைப்படுகிறது.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமாகிய செய்தி, வண்டியை நிறுத்துவது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110 கிலோமீட்டருக்கு வேகம் கூடினால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டியதாகவே ஓட்டுநர் நினைப்பார். பிரேக்கோ பாதி அளவு கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். 75 குதிரைத்திறனுக்குச் செய்த பிரேக்கையும் டயரையும் வைத்துக்கொண்டு 200 குதிரைத்திறனை ஓட்டுவது, கடிவாளம் இல்லாத குதிரையில் ஏறுவதற்கு ஒப்பாகும்.

உச்சத்தில் மட்டும் இருக்கும் ஆற்றல்

பட்டறையில் சொல்லப்படும் குதிரைத்திறன் எண் எப்போதும் இயந்திரத்தின் உச்ச ஆற்றலைக் குறிக்கும். சாதாரணப் பெட்ரோல் இயந்திரத்தில் அந்த உச்சம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6,000 சுழற்சியில் கிடைக்கும். ஆனால், நகரத்தில் அன்றாடம் ஓட்டும்போது இயந்திரம் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 சுழற்சிகளுக்குள்ளேயே இயங்குகிறது. பணம் கொடுத்து வாங்கிய உச்ச ஆற்றலை ஓட்டுநர் நாள் முழுவதும் தொடாமலே வீடு திரும்பக்கூடும்.

அதைவிடச் சிக்கலானது ஒன்றும் உண்டு. பெரிய டர்போவைச் சுழற்ற மிகுதியான புகை தேவை. குறைந்த சுழற்சியில் அவ்வளவு புகை இராது. ஆகவே, டர்போ விழித்தெழச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை வண்டி சோர்வாக நகரும். பிறகு திடீரெனப் பாயும். சாலைச் சந்திப்புகளும் பாதசாரிகளும் நிறைந்த இடத்தில் இந்தத் திடீர்ப் பாய்ச்சல் வசதியன்று, ஆபத்து. பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் கடைகள், மறுபுறம் கேஎல் சென்ட்ரல் இரயில் நிலையத்தை நோக்கி நடப்போர், இடையில் பேருந்துகள். அங்கு ஓட்டுநருக்குத் தேவைப்படுவது மெதுவாகவும் சீராகவும் நகரும் மகிழுந்தே. மிகுந்த ஆற்றலைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்ட கடினமான கிளட்சை அந்த நெரிசலில் நூறு முறை மிதிக்கும் இடக்காலுக்குத்தான் அதன் வலி தெரியும்.

நேரக் கணக்கும் வியப்பளிப்பதே. வீட்டிலிருந்து பணியிடம் 36 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சாலை முற்றிலும் காலியாக இருந்து, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 24 நிமிடம் ஆகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 19 நிமிடம் 40 நொடி ஆகும். மிச்சமாவது நான்கு நிமிடத்திற்குச் சற்று அதிகம். நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறையும்போது 30 குதிரைத்திறன் கஞ்சிலுக்கும் 72 நிமிடம். 200 குதிரைத்திறன் வீராவுக்கும் 72 நிமிடம்.

மூன்றாண்டுக் கணக்கு

செலவைக் கணக்கிட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் பட்டறைச் செலவும் எரிபொருள் அளவும் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. கிள்ளானில் வசித்துக் கோலாலம்பூரில் வேலை செய்யும் ஓர் இளைஞர் தம் 1.3 லிட்டர் வீராவுக்கு 1.8 லிட்டர் டர்போ இயந்திரத்தைப் பொருத்த எண்ணுகிறார். இயந்திரத்திற்கும் கூலிக்கும் 8,000 ரிங்கிட் என விலை பேசப்படுகிறது.

புதிய ஆற்றலைத் தாங்கக் கிளட்ச், பிரேக், டயர், குளிர்விப்பான் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். அதற்கு 5,000 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம்.

இனி, எரிபொருள். போக வர நாளுக்கு 72 கிலோமீட்டர். மாதத்தில் 25 நாள் என்றால் 1,800 கிலோமீட்டர். பழைய இயந்திரம் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் மாதத்திற்கு 150 லிட்டர் தேவை. புதிய இயந்திரம் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடினால் 200 லிட்டர் தேவை. முன்பு பயன்படுத்திய சாதாரணப் பெட்ரோல் லிட்டருக்கு 2 ரிங்கிட் எனவும், இப்போது தேவைப்படும் உயர்தரப் பெட்ரோல் 3 ரிங்கிட் எனவும் கொள்வோம். மாதச் செலவு 300 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாகிறது. ஆண்டுக்குக் கூடுதலாக 3,600 ரிங்கிட்.

அடுத்தது சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் மகிழுந்தின் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 1,201 முதல் 1,400 சிசி வரையிலான தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட். 1,800 சிசியைத் தாண்டிவிட்டால் 280 ரிங்கிட்டும், தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும் செலுத்த வேண்டும். 1,834 சிசி இயந்திரத்திற்கு வரி 297 ரிங்கிட். கூடுதல் 227 ரிங்கிட்.

ஆக, தொடக்கச் செலவு 13,000 ரிங்கிட். ஆண்டுதோறும் கூடுதலாக 3,827 ரிங்கிட். மூன்று ஆண்டுகளில் மொத்தம் 24,481 ரிங்கிட். பட்டறையில் பேசிய 8,000 ரிங்கிட் மும்மடங்கையும் தாண்டிவிட்டது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அச்சம்பளம் பெறும் ஒருவருக்கு இத்தொகை பதினான்கு மாத உழைப்பின் பயன். பரிசோதனைக் கட்டணம், கூடுதல் காப்புறுதிச் சந்தா, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவை இக்கணக்கில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

சட்டமும் காப்புறுதியும்

மகிழுந்து சொந்தப் பொருள்தான்; ஆனால், சாலை எல்லாருக்கும் பொதுவானது. அதனால் சாலையில் ஓடும் வாகனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. மலேசியாவில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987உம், வாகனங்களின் கட்டமைப்பையும் பயன்பாட்டையும் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. ஒரு மகிழுந்தின் இயந்திர எண்ணும் கொள்ளளவும் அதன் பதிவில் இடம்பெறுகின்றன. எனவே, இயந்திரத்தை மாற்றுபவர் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் வாகனத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். பதிவிலும் மாற்றத்தைச் சேர்க்க வேண்டும். மகிழுந்துக்கு இன்னும் கடன் செலுத்திக்கொண்டிருந்தால், கடன் கொடுத்த வங்கிக்கும் அதில் உரிமை உண்டு என்பதை மறக்கலாகாது.

ஓசைக்கும் புகைக்கும் தனி விதிகள் உள்ளன. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் வாகன ஓசை பற்றிய விதிமுறைகள் 1987இலும், பெட்ரோல் இயந்திரப் புகை பற்றிய விதிமுறைகள் 1996இலும் இயற்றப்பட்டன. புகையில் உள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவி புகைக்குழாயில் உள்ளது. சிறிது ஆற்றல் கூடும் என்று அதைக் கழற்றிவிடுவோர் உள்ளனர். அவர்கள் பெறும் சிறு நன்மைக்கு, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் நுரையீரல் விலை கொடுக்கிறது. நள்ளிரவில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே உறுமும் புகைக்குழாய்க்கு, காலை வேலைக்குச் செல்ல வேண்டிய அண்டை வீட்டார் தம் உறக்கத்தை விலையாகக் கொடுக்கின்றனர்.

காப்புறுதி இன்னும் நுட்பமானது. மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி இன்றி மகிழுந்தைச் சாலையில் ஓட்டுவது குற்றம். விபத்தின்றி ஓட்டுபவருக்குக் காப்புறுதிச் சந்தாவில் ஆண்டுதோறும் கழிவு கூடி, இறுதியில் 55 விழுக்காடு வரை உயரும். ஆனால், காப்புறுதி என்பது நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்த ஒப்பந்தம். மகிழுந்தில் செய்த பெரிய மாற்றத்தை நிறுவனத்திடம் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படக்கூடும். அப்போது நொறுங்கிய மகிழுந்தின் முழுச் செலவும் உரிமையாளர் தலையில் விழும். புதிய மகிழுந்துக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதமும் இப்படிப்பட்டதே. மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்கு அது பொறுப்பேற்காது.

பட்டறையில் நிற்கும் நாள்கள்

பணத்தால் எளிதில் அளக்க முடியாத செலவு ஒன்று உண்டு. அது நம்பகத்தன்மை. தொழிற்சாலையில் ஒரு மகிழுந்தை வடிவமைப்பவர்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்த பின்னரே அதை விற்பனைக்கு விடுகின்றனர். வெயிலிலும் மழையிலும் ஒவ்வொரு காலையிலும் தவறாமல் இயங்க வேண்டும் என்பதே அவர்களின் முதல் குறிக்கோள். மாற்றியமைக்கப்பட்ட மகிழுந்துக்கு அத்தகைய நெடுஞ்சோதனை நடப்பதில்லை. அதன் உரிமையாளரே சோதனையாளர். அவர் நாள்தோறும் செல்லும் சாலையே சோதனைக்களம்.

வீட்டில் இருப்பது ஒரே மகிழுந்து என்றால் இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிளட்ச் எரிந்து மகிழுந்து பட்டறையில் நிற்கும் வாரத்தில் தம்பியைப் பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வது? பாட்டியின் மருத்துவமனைச் சந்திப்புக்கு என்ன வழி? வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணமும், விடுப்பு எடுத்ததால் இழந்த நாள் கூலியும் எந்தப் பட்டறையின் விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மகிழுந்தை மாற்றியமைக்கும் முடிவை எடுப்பவர் ஒருவர்; அதன் விளைவைச் சுமப்பது குடும்பம் முழுவதும்.

விற்கும் காலத்திலும் இக்கணக்கு தொடர்கிறது. பழைய மகிழுந்து வாங்குவோரில் பெரும்பாலோர் மாற்றம் செய்யப்படாத வண்டியையே நாடுகின்றனர். மாற்றத்திற்குச் செலவிட்ட பணத்தை விற்பனை விலையில் திரும்பப் பெறுவது அரிது.

ஆர்வத்திற்கு உரிய இடம்

இவ்வளவையும் கூறுவதால், மகிழுந்தை மாற்றியமைக்கும் ஆர்வமே தவறு என்று கொள்ளலாகாது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆவலில் தொடங்கித் தேர்ந்த மெக்கானிக்குகளாகவும் பொறியியலாளர்களாகவும் உயர்ந்தவர்கள் உண்டு. தொழிற்பயிற்சிக் கல்லூரிகளில் வாகனத் தொழில்நுட்பம் ஒரு மதிப்புமிக்க துறை. தன் கையால் சீர்செய்த இயந்திரம் சீராக உறுமும்போது பிறக்கும் மகிழ்ச்சியும் உண்மையானதே. அம்மகிழ்ச்சிக்கும் ஒரு மதிப்பு உண்டு.

அந்த ஆர்வத்திற்கு உரிய இடம் பந்தயத் தடம். 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்தில் 2017ஆம் ஆண்டு வரை பார்முலா 1 பந்தயங்கள் நடந்தன. பொதுமக்கள் தம் மகிழுந்தை ஓட்டிப் பார்க்கும் நாள்களும் அங்கு ஏற்பாடு செய்யப்படுகின்றன. அங்கு எதிரே வண்டி வராது. பாதசாரி குறுக்கே நடக்கமாட்டார். மீட்புக் குழு ஆயத்தமாக நிற்கும். மாறாக, பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவது சட்டப்படி குற்றம்.

மலேசியரான கரம்ஜித் சிங் 2002ஆம் ஆண்டு, உற்பத்தி மகிழுந்துகளுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தைப் புரோட்டோன் பெர்ட் மகிழுந்தில் வென்றார். நாடே பெருமை கொண்ட வெற்றி அது. அந்த மகிழுந்தும் மாற்றியமைக்கப்பட்டதுதான். ஆனால், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரே நோக்கத்திற்காகச் செம்மைப்படுத்தப்பட்டது. அதனுள் பாதுகாப்புக் கூண்டு இருந்தது. அதைப் பேணத் தனிக் குழு இருந்தது. மறுநாள் காலையில் அதே மகிழுந்தை அலுவலகத்திற்கு ஓட்டிச் செல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. பந்தய மகிழுந்துக்கும் அன்றாட மகிழுந்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

முடிவெடுக்கும் முன்

அன்றாட மகிழுந்தை மேம்படுத்த விரும்புபவர் வரிசைமுறையைப் பின்பற்றுவது நல்லது. முதலில் பராமரிப்பு. காலம் கடந்த எண்ணெய், அடைத்துக்கொண்ட காற்று வடிகட்டி, தேய்ந்த தீப்பொறிச் செருகி ஆகியவற்றை மாற்றினாலே இழந்த ஆற்றலில் ஒரு பகுதி திரும்பும். அடுத்து டயரும் பிரேக்கும். நல்ல டயரின் பயன் மழை பெய்யும் ஒவ்வொரு மாலையிலும் தெரியும். உச்சக் குதிரைத்திறனின் பயனோ எப்போதாவதுதான் தெரியும். இவற்றுக்குப் பிறகே இயந்திரத்தைப் பற்றி எண்ண வேண்டும்.

அப்போதும் சில கேள்விகளுக்கு நேர்மையாக விடை கூற வேண்டும். கூடும் ஆற்றல் எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது? நாள்தோறும் செல்லும் சாலையில் அது பயன்படுமா? ஆற்றல் உண்மையில் கூடியதா என்பதை அளவுகோல் கருவியில் காட்டப் பட்டறை ஆயத்தமா? எந்தெந்த உறுப்புகளை உடன் மாற்ற வேண்டும்? சட்டத்தின் ஒப்புதலும் காப்புறுதியின் ஒப்புதலும் எழுத்து வடிவில் கிடைக்குமா? மகிழுந்து இரு வாரம் நின்றுவிட்டால் குடும்பத்திற்கு மாற்று வழி உண்டா? மூன்றாண்டு மொத்தச் செலவு எவ்வளவு?

இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பின்னும் ஒருவர் மாற்றியமைக்க முடிவு செய்தால், அது அறிந்து எடுத்த முடிவு. விடை காணாமல் எடுத்தால், அது பட்டறையில் கேட்ட ஓர் எண்ணுக்காகக் கொடுக்கும் விலை. குதிரைத்திறனைக் கடையில் வாங்கலாம். நாளைக் காலை தவறாமல் புறப்பட்டு, மாலையில் எல்லாரையும் நலமாக வீடு சேர்க்கும் மகிழுந்தின் மதிப்பை, அது நின்றுபோன நாளில்தான் பலரும் உணர்கின்றனர்.